வாயிலில் நிற்பவர்

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இந்தியா முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் அதற்கென முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் மைசூரு மாவட்டத்துத் தி. நரசிபுரம். காவிரியும் கபினியும் கூடும் அந்த வட்டத்தில் 100 அங்கன்வாடி மையங்கள் திறக்கப்பட்டன. சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி, கருவுற்ற தாய்மாருக்கு நலக்கல்வி என அங்கன்வாடிப் பணியாளரின் கடமைகள் எழுதப்பட்டன. எழுதப்படாத கடமை ஒன்றும் அவற்றோடு சேர்ந்து வந்தது. அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நின்று, அந்த வீட்டார் கேட்க விரும்பாத ஒன்றைச் சொல்வதே அது.

தடுப்பூசி வேண்டாம் என்ற பாட்டியிடம் பேசுவதில் தொடங்கிய அந்தக் கடமை, பின்வந்த சட்டங்களால் மேலும் கனத்தது. பதினாறு வயது மகளுக்கு மணநாள் குறித்துவிட்ட தந்தையிடம் பேசவேண்டும். அடிபட்ட முகத்தோடு நிற்கும் மருமகள் பற்றி மாமியாரிடம் கேட்கவேண்டும். குடித்துவிட்டுப் பிள்ளையை அடிப்பவனின் வீட்டுக்குள் போய்வரவேண்டும். இன்று குடும்ப நலப்பணி எனப்படும் தொழிலின் உட்கரு இதுவே. வீட்டுக்குள் இருப்பவர் சினந்து எழும்போது வாசலில் நிற்பவரைக் காப்பது எது என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் தொடக்கங்களுள் ஒன்று மைசூரில் இருக்கிறது.

தமிழில் ‘வாயில்’ என்ற சொல்லுக்கு இரு பொருள். ஒன்று, வீட்டின் நுழைவிடம். மற்றொன்று, ஊடல் கொண்ட கணவன் மனைவியரிடையே சென்று பேசும் இடையாள். தொல்காப்பியத்தின் கற்பியல், தோழி, தாய், பாணன், விறலி, அறிவர் முதலாகப் பன்னிருவரை வாயில்களாக எண்ணுகிறது. அவர்கள் சொல்லை வீட்டார் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்கு ‘வாயில் மறுத்தல்’ என்று தனித்துறையே வகுக்கப்பட்டிருந்தது. மறுக்கப்பட்ட வாயில் திரும்பிச் செல்லும், அவ்வளவே. அங்கன்வாடிப் பணியாளரும் பாதுகாப்பு அலுவலரும் இக்கால வாயில்கள். ஆனால் அவர்கள் கையில் சட்டம் இருக்கிறது. சட்டத்தைக் கொண்டுவரும் வாயிலை வீட்டார் எளிதில் மறுக்க முடியாது. மறுக்க முடியாத இடத்தில்தான் சினம் கையில் ஏறுகிறது.

1894: தூதர் இல்லாத சட்டம்

குழந்தைத் திருமணத்தைத் தடுக்க மைசூர் சமஸ்தானம் 1894இல் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. எட்டு வயது நிறையாத சிறுமியின் திருமணத்தையும், ஐம்பது வயதைக் கடந்த ஆண் பதினான்கு வயது நிறையாத சிறுமியை மணப்பதையும் அது குற்றமாக்கியது. அப்போது அரியணையில் இருந்தவர் பத்தாம் சாமராஜேந்திர உடையார். திவானாக இருந்தவர் பாலக்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற சேஷாத்ரி ஐயர். வயது வரம்பு இன்றைய கண்ணுக்கு மிகத் தாழ்ந்தது. ஆயினும் பிரிட்டிஷ் இந்தியாவில் குறைந்தபட்சத் திருமண வயதை வகுத்த சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது என்பதை நோக்க, மைசூர் முப்பத்தைந்து ஆண்டுகள் முந்தியது.

இவ்விரு சட்டங்களுக்கும் பொதுவான ஓர் இயல்பு கவனிக்கத்தக்கது. இரண்டும் நீதிமன்றத்தையும் தண்டனையையும் நம்பின. மணம் முடிவதற்குமுன் தந்தையிடம் போய்ப் பேசுவது எவர் கடமை என்று அவை சொல்லவில்லை. சட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஆள் இல்லை. அதனால் அக்காலத்தில் அந்த ஆளின் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் எழவில்லை. எதிர்ப்பெல்லாம் அரசை நோக்கியும் ஏடுகளிலும் மேடைகளிலும் எழுந்தது. ஒரு பெண்ணின் உடலை நோக்கி எழவில்லை.

அந்த ஆளைச் சட்டம் உருவாக்கியது அண்மைக் காலத்தில்தான். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது ‘பாதுகாப்பு அலுவலர்’ என்ற பொறுப்பு பிறந்தது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2007 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது ‘குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்’ என்ற பொறுப்பு பிறந்தது. கர்நாடகத்தில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்மீது இவ்விரு பொறுப்புகளும் ஏற்றப்பட்டன. அவருக்குக் கண்ணும் காதுமாக ஊருக்குள் இருப்பவர் அங்கன்வாடிப் பணியாளர். 2017இல் கர்நாடகம் தன் திருத்தச் சட்டத்தால் குழந்தைத் திருமணத்தைத் தொடக்கம் முதலே செல்லாததாக ஆக்கியது. சட்டத்தின் கூர்மை கூடிய அளவுக்கு, அதை வாசலுக்குக் கொண்டுசெல்பவர்மீது விழும் பகையும் கூடியது.

பணியின் அளவையும் நினைவில் கொள்ளவேண்டும். கர்நாடகத்தில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் பதினெட்டுக்கு முன் மணமானவர்கள் நான்காம் தேசியக் குடும்ப நல ஆய்வில் 21.4 விழுக்காடு. ஐந்தாம் ஆய்வில் 21.3 விழுக்காடு. ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல், ஏறக்குறைய அசையாமல் நிற்கும் எண் இது. இத்தனை வீடுகளின் வாசல்களில் எவரோ ஒருவர் நிற்கவேண்டியிருக்கிறது.

பதேரி, 1992

வாசலில் நிற்பவருக்கு நேரக்கூடியது என்ன என்பதை இந்தியா அறிந்தது இராஜஸ்தானத்தில். 1984இல் அங்கே பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ‘சாத்தின்’, அதாவது தோழி, என்ற பெயரில் கிராமத்துப் பெண்களே சிறு மதிப்பூதியத்துக்குப் பணியமர்த்தப்பட்டனர். தொல்காப்பியம் எண்ணிய வாயில்களுள் தோழிக்கு முதன்மையான இடம் உண்டு. அரசு அறிந்தோ அறியாமலோ அதே பெயரைத் தன் வாயிலுக்கும் இட்டது.

ஜெய்ப்பூரை அடுத்த பதேரி என்னும் ஊரின் சாத்தின் பன்வாரி தேவி. 1992ஆம் ஆண்டு அட்சய திருதியையை ஒட்டி, குழந்தைத் திருமணங்களைத் தடுக்குமாறு அரசு தன் பணியாளர்களை முடுக்கியது. ஊரின் செல்வாக்குள்ள குடும்பம் ஒன்றில் ஓராண்டுகூட நிறையாத பெண்குழந்தைக்கு மணம் குறிக்கப்பட்டிருந்தது. பன்வாரி தேவி முதலில் பேசிப் பார்த்தார். பின்னர் அதிகாரிகள் வந்தனர், காவலர் வந்தனர், அன்றைய மணம் நின்றது. அவர்கள் திரும்பிய பின் விடியுமுன் மணம் நடந்தேறியது. அரசின் வண்டி ஊரைவிட்டுப் போய்விட்டது. பன்வாரி தேவி ஊரிலேயே இருந்தார். காவலரை வரவழைத்தவர் அவரே என்று ஊர் முடிவு செய்தது. ஒதுக்கிவைத்தல் தொடங்கியது. செப்டம்பர் 22 அன்று வயலில் கணவர் கண்முன்னே அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

இந்நிகழ்வையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பை வழங்கியது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வழித்தோன்றல். இந்த வழி பலரும் அறிந்தது. அலுவலகங்களின் உள்விசாரணைக் குழுக்களைப் பற்றிப் பேசும்போது, அச்சட்டத்தின் ஊற்று ஓர் அலுவலக அறையில் இல்லை, ஒரு வீட்டு வாசலில் இருக்கிறது என்பது மறக்கப்பட்டுவிடுகிறது.

பதேரியில் மற்றொரு பாடமும் உண்டு. மே மாதத்தில் மணம் தடுக்கப்பட்டது. செப்டம்பரில் தாக்குதல் நடந்தது. இடையே நான்கு மாதங்கள் கடந்தன. 2005 மே மாதத்தில் மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் குழந்தைத் திருமணங்களைக் கைவிடுமாறு ஊராரிடம் பேசிவந்த அங்கன்வாடி மேற்பார்வையாளர் ஒருவர் வாளால் வெட்டப்பட்டுக் கைகள் சிதைந்தார். அத்தாக்குதல் நடந்தது அவர் பேசப்போன வீட்டில் அன்று, அவருடைய சொந்த வீட்டில். வாசலில் அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் பார்த்தால், இவ்விரு பெண்களும் பாதுகாப்பாகத் திரும்பியவர்கள் என்றே பதிவாகியிருக்கும்.

தணிக்கும் கலையின் கல்வி

சினந்தவரைத் தணிப்பதைப் பயிற்றுவிக்கத்தக்க திறனாகக் கருதும் போக்கு மேலைநாடுகளில் அறுபதுகளில் வலுப்பெற்றது. 1967இல் நியூயார்க்கின் சிட்டி கல்லூரி உளவியலாளர் மார்ட்டன் பார்ட், மேற்கு ஹார்லெம் பகுதிக் காவல் நிலையத்தின் 18 காவலர்களுக்குக் குடும்பச் சண்டைகளில் தலையிடும் பயிற்சி அளித்தார். பயிற்சி 160 மணி நேரம். நடிகர்களைக்கொண்டு சண்டைக் காட்சிகள் நடிக்கப்பட்டன. காவலர்கள் இருவர் இருவராக அதற்குள் நுழைந்து பேசிப் பழகினர். சண்டையிடுவோரைப் பிரித்துத் தனித்தனியே கேட்பது, தீர்ப்புச் சொல்லாமல் செவிகொடுப்பது, குரலைத் தாழ்த்துவது ஆகியன அப்பயிற்சியின் கூறுகள். கையில் துப்பாக்கி உள்ளவர்களுக்கே ஒரு குடும்பத்தின் நடுவே நிற்க இத்தனை மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது.

சமூகப் பணியாளர்களுக்கு அந்த அறிவு இழப்புகளின் வழியே வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 2006 அக்டோபரில், அரசின் பராமரிப்பில் இருந்த குழந்தையைத் தாயின் வீட்டுக்குச் சந்திப்புக்காகத் தனியே அழைத்துச் சென்ற பணியாளர் போனி ஃபிரெடரிக் அங்கே கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவர் பெயரால் ஒரு பாதுகாப்புச் சட்டம் அம்மாநிலத்தில் வந்தது. 2015 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தின் பாரி நகரில் லாரா சோபெல் என்னும் குழந்தைநலப் பணியாளர், தம் அலுவலகத்தைவிட்டு வெளியே வந்தபோது, குழந்தையின் பொறுப்பை இழந்திருந்த ஒரு தாயால் சுடப்பட்டு இறந்தார். இடைப்பட்ட 2013இல் அமெரிக்கச் சமூகப் பணியாளர் தேசியச் சங்கம் பணிப் பாதுகாப்புக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது.

இத்தகைய நெறிகளில் எந்த ஊருக்கும் பொருந்துவன பல. செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் உடன்பணிபுரிபவர் ஒருவரிடம் சொல்லிச் செல்லவேண்டும். குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் அவர் என்ன செய்யவேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்கவேண்டும். முன்பு வன்முறை நடந்த வீட்டுக்குத் தனியே போகலாகாது. கதவுக்கும் தமக்கும் இடையே எவரும் வராதபடி நிற்கவேண்டும். கத்தியும் அரிவாள்மனையும் கொதிக்கும் உலையும் உள்ள அடுக்களையில் உட்கார்ந்து பேசலாகாது. சினந்தவரின் நேர் எதிரே நெருங்கி நிற்காமல், இரண்டு கை நீளம் விலகிச் சற்றுப் பக்கவாட்டில் நிற்கவேண்டும். கைகள் வெளியே தெரியவேண்டும். அவர் குரல் உயர உயர நம் குரல் தாழவேண்டும். ‘அமைதியாக இரு’ என்ற கட்டளை எவரையும் அமைதிப்படுத்தியதில்லை. ‘உங்களுக்கு இது பெரிய மனக்கஷ்டம் என்று தெரிகிறது’ என்ற ஒப்புதல் சில வேளைகளில் அமைதிப்படுத்தும். குடித்திருப்பவரிடம் விவாதம் கூடாது, வேறொரு நேரத்தில் வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சை முடிக்காமல் எழுந்து வெளியேறுவது தோல்வியன்று. அடிவாங்கிய பெண்ணை அடித்தவன் முன்னிலையில் ‘உன்னை அடித்தானா’ என்று கேட்பது எவ்வளவு கனிவாகக் கேட்டாலும் தீங்கே. பணியாளர் போன பிறகு அந்தக் கேள்விக்கு விலை கொடுப்பவள் அவள்.

ஆயினும் இந்நெறிகள் ஓர் எடுகோளின்மீது நிற்கின்றன. காரை வெளியேறும் திசைநோக்கி நிறுத்துங்கள் என்று அவை சொல்லும். பணியாளர் வருகிறார், பேசுகிறார், காரில் ஏறிப் போய்விடுகிறார். தி. நரசிபுரத்து அங்கன்வாடிப் பணியாளருக்குக் காரும் இல்லை, போய்விட வேறோர் ஊரும் இல்லை. அவர் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது. அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார். அதே கடையில் கணக்கு வைத்திருக்கிறார். அவருக்குப் பாதுகாப்பு என்பது அந்த அரைமணி நேரத்தைக் கடப்பதன்று, அதன் பிறகும் அந்த ஊரில் வாழ முடிவது. தணித்தல் என்பதன் பொருளே இங்கு வேறாகிறது.

முகம்

இங்கே மொழியியல் ஒரு சிறிய விளக்கைத் தருகிறது. பெனலோப்பி பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகியோர் 1978இல் வெளியிட்டு 1987இல் நூலாக விரித்த மரியாதைக் கோட்பாடு, மொழியியல் மாணவர் எவரும் அறிந்தது. அக்கோட்பாட்டின் மூன்று தரவு மொழிகளுள் ஒன்று கோயம்புத்தூர் வட்டாரக் கிராமத்துத் தமிழ் என்பது அந்த அளவுக்கு அறியப்படவில்லை. மனிதர் ஒவ்வொருவருக்கும் பிறர்முன் காத்துக்கொள்ள ஒரு முகம் உண்டு, அதற்கு ஊறு விளைக்கும் பேச்சை மொழிகள் வகைவகையாக மென்மைப்படுத்துகின்றன என்பது அதன் சாரம். முகமன், முகதாட்சண்ணியம், முகம் கோணுதல், முகத்தை முறித்தல் என்றெல்லாம் சொல்லிப் பழகிய தமிழருக்கு இது புதிய செய்தியன்று.

அவர்கள் தொகுத்த உத்திகளுள் ஒன்று, சொல்லவேண்டிய கடுமொழியைப் பொதுவிதியாகச் சொல்வது. மற்றொன்று, பேசுபவரையும் கேட்பவரையும் வாக்கியத்திலிருந்து விலக்கிவிடுவது. ‘நீங்க தப்பு பண்றீங்க’ என்பது முகத்தைத் தாக்குகிறது. ‘பதினெட்டு ஆகாம கல்யாணம் செல்லாதுன்னு ஆயிடுச்சுங்க, யாருக்கா இருந்தாலும் இதான்’ என்பது அதே செய்தி. ஆனால் அதில் குற்றவாளி இல்லை, குற்றஞ்சாட்டுபவரும் இல்லை. மோதல் இரு மனிதருக்கிடையே இருந்து நகர்ந்து, இருவருக்கும் வெளியே உள்ள ஒரு விதியின்மேல் விழுகிறது. ஊரில் தொடர்ந்து வாழவேண்டியவருக்கு இந்த நகர்வு இலக்கண நயமன்று, உயிர்க்காப்பு.

விளிச்சொல்லும் பிரதிப்பெயரும் அத்தகையனவே. மைசூரு மாவட்டத்து வாசல்களில் கன்னடமே பெரிதும் ஒலிக்கிறது. நகரின் சில மொகல்லாக்களில் தக்கினி உருது ஒலிக்கும், சில தெருக்களில் தமிழும் தெலுங்கும் ஒலிக்கும். தமிழின் ‘நீங்கள், நீ’ போலக் கன்னடத்தில் ‘நீவு, நீனு’ என்ற இணை உண்டு. ‘பன்னி’ என்றால் வாருங்கள், ‘பா’ என்றால் வா. வாசலுக்கு வந்தவரை ‘நீவு’ என்று தொடங்கிய குடும்பத் தலைவர் பேச்சின் நடுவே ‘நீனு’ என்று இறங்கினால், அது வெறும் மரியாதைக் குறைவன்று. சினம் அடுத்த படிக்கு ஏறிவிட்டதன் அறிகுறி. ஓர் அடி பின்வைக்கவேண்டிய நேரம் அது. அதற்கு விடையாகப் பணியாளரும் இறங்கினால் வாசல் களமாகிவிடும். அவர் ‘நீவு’ என்பதில் நிலைத்து, ‘அண்ணா’ என்றோ ‘அக்கா’ என்றோ உறவுமுறையில் விளித்தால், எதிரிலிருப்பவருக்குத் திரும்பி ஏற ஒரு படி மீதம் இருக்கும்.

சினந்தவர் திரும்பி வருவதற்கு வழி விடுவதே தணித்தலின் நடுவம். ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். மணநாள் வெள்ளிக்கிழமை. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, அழைப்பிதழ் கொடுத்தாயிற்று. தந்தைக்கு அச்சம் சட்டத்தைப் பற்றியது மட்டுமன்று. பெண்ணின் பேர் கெட்டுப்போகும், மாப்பிள்ளை வீட்டார் ஏசுவார்கள், கடன்பட்ட பணம் வீணாகும் என்பவையும் அவரை அழுத்துகின்றன. ‘திருமணம் ரத்து’ என்பது அவருக்குத் தலைகுனிவு. ‘பதினெட்டு நிறைந்ததும் செய்யலாம், அதுவரை நிறுத்திவைக்கச் சட்டம் சொல்லுகிறது’ என்பது ஊராரிடம் சொல்லிக்கொள்ளத்தக்க காரணம். மாப்பிள்ளைக்கும் மண்டபத்தாருக்கும் புரோகிதருக்கும்கூடத் தண்டனை உண்டு என்று எடுத்துச் சொன்னால், நிறுத்தும் முடிவு தந்தையின் தோல்வியாகாமல், எல்லாரையும் காக்கும் பெரியமனிதச் செயலாக மாறிவிடும்.

மென்மையின் எல்லை

ஆனால் மென்மைக்கு ஓர் எல்லை உண்டு. பதேரியில் அதிகாரிகள் முன்னிலையில் மணம் நின்றது, அவர்கள் போனதும் நடந்தது. வாசலில் கிடைத்த தலையசைப்பை உடன்பாடு என்று நம்பினால் இழப்பது குழந்தையின் வாழ்க்கை. வீட்டார் தணிந்துவிட்டார்கள் என்பதும் குழந்தை காக்கப்பட்டாள் என்பதும் இரு வேறு செய்திகள். இங்கேதான் பணியாளரின் இரு கடமைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. உறவைக் காத்தால் சட்டம் தளர்கிறது. சட்டத்தை இறுக்கினால் உறவும், அதனோடு அவருடைய பாதுகாப்பும் முறிகின்றன.

இந்த முடிச்சை ஒரே ஆள் அவிழ்க்க முடியாது என்பதே வரலாறு காட்டும் விடை. மென்மையும் கடுமையும் இரு வேறு ஆட்களிடம் இருக்கவேண்டும். ஊரில் வாழ்பவர் வலியுறுத்தலாம், விளக்கலாம், வீட்டாரின் வருத்தத்தைக் கேட்கலாம். தடையாணை பெறுவதும் காவலரை அழைப்பதும் எழுத்தில் உறுதிமொழி வாங்குவதும் குழந்தை நலக் குழுவிடம் சிறுமியை ஒப்படைப்பதும் வெளியூரிலிருந்து வரும் அலுவலரின் வேலை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மணத்தைத் தடுக்கும் தடையாணையை நீதித்துறை நடுவரிடம் பெற வழி வைத்திருக்கிறது. தடையாணையை மீறி நடந்த மணம் செல்லாது. அந்த ஆணை நீதிமன்றத்தின் பெயரால் வருகிறது, அங்கன்வாடிப் பணியாளரின் பெயரால் வருவதில்லை.

அவ்வாறாயின் தகவல் கொடுத்தவர் யார் என்பது வெளிப்படலாகாது. அலுவலரின் ஜீப் முதலில் அங்கன்வாடி வாசலில் நின்று, அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு மணவீட்டுக்குப் போகுமானால், அந்த ஒரு பயணத்தில் அவருடைய பல ஆண்டுப் பாதுகாப்பு கரைந்துவிடும். குழந்தைகள் உதவி எண் 1098 பெயர் சொல்லாமல் தகவல் தர இடமளிக்கிறது. பள்ளித் தோழியோ ஆசிரியரோ அந்தச் சிறுமியே கூடவோ அழைத்திருக்கலாம் என்ற ஐயம் ஊரில் நிலவும்வரை பகை ஓர் ஆள்மேல் குவியாது. பதேரியில் அந்த ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

சட்டம் காப்பது எதை

சட்டம் வாசலில் நிற்பவரை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. பாதுகாப்பு அலுவலரும் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும் பொதுப் பணியாளர்களாகக் கருதப்படுவர். நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்காக அவர்கள்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. பொதுப் பணியாளரைக் கடமையிலிருந்து தடுக்கத் தாக்குவது குற்றம். ஆனால் நல்லெண்ணப் பாதுகாப்பு வழக்கைத் தடுக்கும், கல்லைத் தடுக்காது. அங்கன்வாடிப் பணியாளரின் நிலை இன்னும் நுண்ணியது. கர்நாடக அரசுக்கும் அமீர்பிக்கும் இடையிலான வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர் குடிமைப் பதவி வகிப்பவர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று வேறொரு வழக்கில் சொன்னது. இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் ஊதியம் பெறாத, மதிப்பூதியம் மட்டும் பெறும் பணியாளராகவே எண்ணப்பட்டனர். அரசின் மிகக் கடினமான சொல்லை, அரசு தன்னவர் என்று முழுமையாக ஒப்புக்கொள்ளாத ஒருவர் சுமந்து சென்றார்.

2020 ஏப்ரலில் இது மீண்டும் வெளிப்பட்டது. தொற்றுக் கணக்கெடுப்புக்கு வீடுவீடாகச் சென்ற ஆஷா பணியாளர்கள் பெங்களூருவில் தாக்கப்பட்டனர். மைசூருவிலும் அதே மாதத்தில் ஆஷா பணியாளர் ஒருவர் தாக்கப்பட்டு, அதையொட்டிக் கைதுகள் நடந்தன. பெங்களூருவில் கணக்கெடுப்பின் நோக்கம் பற்றிய ஐயம் வாசலில் சினமாக வெடித்தது. யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார், எழுதிக்கொண்ட பெயர் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளுக்கு முதல் நிமிடத்திலேயே விடை சொல்வது தணித்தலின் முதல் பாடம் என்பதை அந்த மாதம் கற்பித்தது. ஏப்ரல் 22 அன்று ஒன்றிய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்றது. பெருந்தொற்றுக் காலத்துக்கு உரியது அது. தொற்று இல்லாத நாளில் மணவீட்டுக்குச் செல்பவரை அது காக்காது.

எஞ்சியிருக்கும் வலுவான கருவி பன்வாரி தேவியின் துயரத்திலிருந்து பிறந்ததே. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பணியின் பொருட்டுப் பணியாளர் செல்லும் எந்த இடமும் அவருக்குப் பணியிடம் என்கிறது. பணியிடத்தில் அவர் எதிர்கொள்ளும் வெளியாரிடமிருந்தும் பாதுகாப்பு அளிப்பது பணியமர்த்துபவரின் கடமை என்றும் சொல்கிறது. பாலியல் துன்புறுத்தலைப் பற்றிய சட்டம் அது எனினும், அதன் கருத்து அதைவிட அகலமானது. அடுத்தவர் வீட்டு வாசலும் ஒரு தொழிற்சாலைத் தளம் போன்ற பணியிடமே. தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு வேலி போடுவது தொழிலாளியின் திறமையைப் பொறுத்ததன்று, முதலாளியின் கடமை. அதுபோலவே உடன் ஒருவரை அனுப்புவது, போக்குவரத்து தருவது, தகவலாளரின் பெயரைக் காப்பது, மணம் தடுக்கப்பட்டபின் பல மாதங்கள் ஊரைக் கவனிப்பது ஆகியவை துறையின் கடமைகள். தணிக்கும் திறனைப் பணியாளருக்குக் கற்பித்துவிட்டு இவற்றைச் செய்யாத துறை, நாளை ஒருவர் தாக்கப்பட்டால் ‘அவருக்குப் பேசத் தெரியவில்லை’ என்று சொல்ல வழி தேடிக்கொள்கிறது.

மைசூரு இதற்குப் பொருத்தமான இடம். 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இங்கே இயங்குகிறது. மாநில நிருவாகப் பயிற்சி நிறுவனமும் அப்துல் நசீர் சாப் பெயரிலான ஊரக வளர்ச்சி நிறுவனமும் இங்கேயே உள்ளன. மொழியை ஆராய்வோரும் அலுவலரைப் பயிற்றுவிப்போரும் ஒரே நகரில் இருக்கும்போது, ‘நீவு’ எப்போது ‘நீனு’ ஆகிறது என்ற அறிவும், அப்போது எந்த அடி பின்வைக்கவேண்டும் என்ற அறிவும் ஒரே வகுப்பறையில் சேரத் தடையில்லை. அந்த வகுப்பில் ஆசிரியராக அமரத் தகுந்தவர்கள் அரைநூற்றாண்டாக வாசல்களில் நின்றுவரும் பெண்களே.

1894இல் சட்டம் இருந்தது, தூதர் இல்லை. இன்று இரண்டும் உண்டு. தூதர் பத்திரமாகத் திரும்பினார் என்று எழுதுவதற்குரிய நேரம் அவர் வாசலைவிட்டு இறங்கும் நேரமன்று. மறுநாள் காலை அவர் அங்கன்வாடியைத் திறக்கிறார். மணம் நிறுத்தப்பட்ட வீட்டின் கடைக்குட்டியும் அதே அங்கன்வாடிக்கு வரவேண்டிய குழந்தைதான். அந்தக் குழந்தை வந்தால், தணித்தல் நிகழ்ந்திருக்கிறது. வராவிட்டால், துறை அன்றைக்கே விழித்துக்கொள்ளவேண்டும்.